நினைத்தால் ஆடுகிற வீடு

எங்கள் தெருவில் என் அப்பாவைப் பிடிக்கும் என்று சொல்ல ஒருவர்கூட இல்லை, நானும் அதற்கு விலக்கில்லை, ஆகவே அவர் இறந்த பதினேழாம் நாள் காலையில், காரியத்துக்கு வாடகைக்கு எடுத்த அண்டாக்களை நான் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தபோது, அடுப்படியில் அம்மா "அவுக இருந்தா இந்நேரம் ரெண்டாவது காப்பி கேட்டிருப்பாக" என்று சொன்ன மாத்திரத்தில் எங்கள் வீடு இடப்பக்கமாக நான்கு விரற்கடை சாய்ந்து, ஒரு மூச்சு விடும் நேரம் அப்படியே நின்று, பிறகு வலப்பக்கமாகச் சாய்ந்து, மறுபடி நேரானபோது, தெருவில் யாரும் அதிசயப்படவில்லை. இந்த மனுஷன் செத்தும் நம்மை விடமாட்டான் என்றுதான் நினைத்தார்கள்.

கோவில்பட்டியில், மூடிக்கிடக்கும் பழைய மில்லுக்குப் பின்னால் இருக்கிறது எங்கள் தெரு. பதினோரு வீடுகள், ஒரே வரிசை, ஒரே மொட்டைமாடி, வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவே ஒற்றைச் சுவர். ஒரு வீட்டில் கருவாடு பொரித்தால் பதினோரு வீட்டிலும் மணக்கும், ஒரு வீட்டில் புருஷன் பெண்டாட்டி சண்டை என்றால் பதினோரு வீட்டிலும் தீர்ப்புச் சொல்வார்கள், அதேபோல எங்கள் வீடு ஆடினால் பதினோரு வீடும் சேர்ந்து ஆடின. கடல் எங்களுக்கு அறுபது கிலோமீட்டர் கிழக்கே இருந்தது. வரிசையில் பாதிப் பேர் அதைப் பார்த்ததுகூட இல்லை. ஆனாலும் முதல் வாரத்திலேயே எல்லோரும் காலை அகற்றி வைத்து நடக்கப் பழகிவிட்டார்கள், எலுமிச்சம்பழத்தை முந்தானையில் முடிந்துகொண்டார்கள், வாந்தி மாத்திரை வாங்கிக் கடுகு டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டார்கள்.

ஆட்டத்துக்குக் காரணம் முதலில் பிடிபடவில்லை. மில்லுக்கு அடியில் சுரங்கம் இருக்கிறது என்றார்கள், சரக்கு ரயில் என்றார்கள். வலப்பக்கத்து வீட்டு மாடசாமிதான் கண்டுபிடித்தார். அவர் கடலைமிட்டாய் போடுகிறவர், வீட்டின் பின்கட்டில் பெரிய இரும்புச் சட்டியில் வெல்லப்பாகு கொதித்துக்கொண்டே இருக்கும், அந்த அடுப்பின் புகையைப் பற்றி என் அப்பா நகராட்சிக்கு எழுதிய மனுக்கள் மட்டும் நாற்பத்தொன்று. அன்றைக்கு அவர் பாகைக் கிண்டியபடியே தன் மனைவி பாக்கியத்திடம், "புகை புகைன்னு என் உயிரை எடுத்தான், இப்ப அவனே புகையாப் போயிட்டான்" என்று சொல்லிச் சிரித்தார், சிரித்து முடிப்பதற்குள் வரிசை வெடுக்கென்று ஆட, அரைச் சட்டிப் பாகு அடுப்பில் கொட்டியது. மாடசாமி கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு சோதனைக்காக இன்னொரு தடவை திட்டினார். மீதிப் பாகும் கொட்டியது.

அன்று மாலைக்குள் தெருவுக்கே தெரிந்துவிட்டது. யார் என் அப்பாவை நினைத்தாலும் வரிசை ஆடும். பாசத்தோடு நினைத்தாலும் ஆடும், எரிச்சலோடு நினைத்தாலும் ஆடும், நினைக்கக் கூடாது என்று நினைத்தாலும் லேசாக ஆடும். இடப்பக்கத்து வீட்டில் கைக்கடிகாரம் பழுது பார்க்கும் தங்கச்சாமி, கண்ணில் லென்ஸை இடுக்கிக்கொண்டு, மேஜை டிராயரை முழங்காலால் அடைத்துப் பிடித்தபடி நாள் முழுக்க உட்கார்ந்திருப்பவர், ஆட்டத்தை வைத்தே ஆளைச் சொல்லக் கற்றுக்கொண்டார். என் அம்மா நினைத்தால் நீளமாக, நிதானமாக, இந்தச் சுவரோரம் இருந்த சொம்பு அந்தச் சுவர்வரை ஊர்ந்துபோய்த் திரும்பி வரும். மாடசாமி நினைத்தால் இரண்டு வெட்டு. மதுரையிலிருந்து என் தங்கை செண்பகவல்லி வந்தால் பொடிப்பொடியாக, ஜன்னல் கம்பிகள் நடுங்கும். "இது அக்கா. காப்பி ஞாபகம். ரெண்டு நிமிஷத்துல நின்னுரும்" என்று என் அம்மாவைச் சொல்வார் தங்கச்சாமி, அந்த இரண்டு நிமிஷமும் பதினோரு வீட்டுப் பெண்களும் உலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நிற்பார்கள்.

அவரை ஏன் அவ்வளவு வெறுத்தார்கள் என்றால் அதைச் சொல்வது சுலபம். ஆறுமுகப்பெருமாள் பதினேழு வயதுவரை கண்மாயைத் தவிர வேறு தண்ணீரைப் பார்க்காதவர், கடற்படையில் சேர்ந்து பதினைந்து வருஷம் சிக்னல்மேனாக இருந்தார், அதாவது ஒரு கப்பல் இன்னொரு கப்பலோடு பேச வேண்டுமானால் எந்த நிறக் கொடிக்கு அடுத்து எந்த நிறக் கொடியை ஏற்ற வேண்டும் என்று தெரிந்தவர். ஊர் திரும்பி மில் வாசலில் காவலுக்குச் சேர்ந்தபோது கப்பலைக் கையோடு கொண்டுவந்துவிட்டார். காலை ஐந்து மணிக்குத் தெருக்குழாயடியில் அவருடைய விசில் கேட்கும், குடங்கள் வரிசையில் வர வேண்டும், வரிசை மீறிய குடத்தை அவரே தூக்கிக்கொண்டுபோய்க் கடைசியில் வைப்பார். ஞாயிற்றுக்கிழமைகளில் கப்பல் தளத்தைத் தேய்ப்பதுபோலத் தெருவைத் தேங்காய்நார் பிரஷால் தேய்த்துக் கழுவுவார், ஈரம் காயும்வரை யாரும் கால் வைக்கக் கூடாது. கல்யாணமாகி மறுவீடு வந்த பொண்ணு மாப்பிள்ளையைத் தெருமுனையில் இருபது நிமிஷம் நிறுத்திவைத்தவர் அவர்.

இதெல்லாம் தெருவுக்கு. எங்களுக்கு வேறு. நாங்கள் எல்லோரும் சாப்பிட்டு முடிக்காமல் அவர் சாப்பிட்டதில்லை. அம்மாவுக்கு டைபாய்டு வந்த இரண்டு மாதமும் சமைத்து, துவைத்து, தங்கைக்கு ரெட்டைச்சடை பின்னிப் பள்ளிக்கு அனுப்பினார். அவள் டீச்சர் டிரெயினிங் படித்த இரண்டு வருஷமும் சைக்கிளில் கொண்டுபோய் விட்டு, சாயங்காலம்வரை வாசல் வேப்பமரத்தடியிலேயே நின்று, கூட்டி வந்தார். கண்ணீர் அஞ்சலி போஸ்டரில் அச்சடித்திருந்தோம்: முன்னாள் கடற்படை வீரர், அன்பான குடும்பத் தலைவர். இரண்டும் நிஜம். அவருடைய அன்புக்கு நேரம் உண்டு, முறை உண்டு, அதிலிருந்து விடுமுறைதான் கிடையாது.

நகராட்சியிலிருந்து ஒரு பொறியாளர் வந்தார். எங்கள் கூடத்தில் ரசமட்டத்தை வைத்து ஒன்றரை மணி நேரம் பார்த்தார், குமிழி அசையவில்லை, ஏனென்றால் அவருக்கு என் அப்பாவைத் தெரியாது, நாங்களும் வெளியே நின்றிருந்தோம். பிறகு அம்மாவை உள்ளே கூப்பிட்டார்.

"எந்த அசைவும் இல்லையேம்மா. யாரையோ நினைச்சா ஆடுதுன்னு மனுல எழுதியிருக்காங்க. யாரு அது?"

"எங்க வீட்டுக்காரருதான்யா" என்றாள் அம்மா. "காலைல அஞ்சு மணிக்கெல்லாம்..."

பொறியாளர் சுவரோடு போய் ஒட்டிக்கொண்டார். ரசமட்டம் சறுக்கிக்கொண்டு அடுப்படிக்குப் போனது. எழுந்து சட்டையைத் தட்டிக்கொண்டு, இது கட்டடப் பிரிவின் கீழ் வராது என்று எழுதிவிட்டுப் போனார், போகும்போது எலுமிச்சம்பழம் கொடுத்தார்கள், வாங்கிக்கொண்டார்.

அதற்குப் பிறகு தெரு தன் வழியில் சமாளித்தது. அடுப்புகளைச் சுற்றிச் சிமெண்டில் விளிம்பு கட்டினார்கள். குடங்களைக் கயிற்றால் ஒன்றோடொன்று பிணைத்தார்கள். கடல், கப்பல், விசில், கொடி ஆகிய சொற்கள் தெருவுக்குள் வரக் கூடாது என்று பிள்ளையார் கோயில் சுவரில் எழுதிவைக்க முயன்றபோது, எழுதிய பெயிண்டரும் படித்தவர்களும் நினைத்துக்கொண்டதால் கோயிலே ஆடியது, ஆகவே சுண்ணாம்பு அடித்து அழித்துவிட்டு வாய்மொழியாக வைத்துக்கொண்டார்கள். மீன்காரி "உப்புத்தண்ணி மீனு" என்று கூவ ஆரம்பித்தாள். அப்பாவைச் சொல்ல வேண்டிய இடத்தில் மேல்நோக்கி விரலைக் காட்டினார்கள். ஐம்பது வருஷமாகத் தெருவையே ஆட்டிவைத்த ஒரு மனிதரைப் பதினோரு வீடும் சேர்ந்து பல்லைக் கடித்துக்கொண்டு மறந்துகொண்டிருந்தது, அந்த வேலையில் அவர்களுக்கு ஒற்றுமையும் வந்திருந்தது.

நான் கோமதிநாயகம். பஸ் டெப்போவில் டைம் கீப்பர், ஐம்பத்துநான்கு வயது, கல்யாணமாகவில்லை. நான் நினைத்தால் வீடு ஆடுவதில்லை.

இதையும் மாடசாமிதான் கண்டுபிடித்தார். எவர்சில்வர் டம்ளரில் விளிம்புவரை தண்ணீர் ஊற்றி ஸ்டூலில் வைத்து, "கோமதி, நீ நினை, பாப்போம்" என்றார். அரை மணி நேரம் நினைத்தேன். விசிலை நினைத்தேன், அவர் மீசையை, நடையை, சாகும்போது திறந்திருந்த வாயை நினைத்தேன். ஒரு சொட்டுத் தண்ணீர் சிந்தவில்லை. கூடியிருந்தவர்களுக்கு ஒரே சந்தோஷம். "தங்கமான பிள்ளை" என்றாள் பாக்கியம். "பெத்தா இப்படிப் பெக்கணும்." அதன் பிறகு குழாயடியில் எனக்கு வழிவிட்டார்கள். அம்மா மட்டும் என் முகத்தைப் பார்த்துவிட்டு, டம்ளர் தண்ணீரைச் செடிக்கு ஊற்றப் போனாள்.

ஏன் ஆடவில்லை என்று நான் யோசிக்காமல் இல்லை. வெறுப்பு என்று சொல்ல முடியாது, மாடசாமியின் வெறுப்புக்கே இரண்டு வெட்டு வெட்டியது. எனக்குள் ஒரு காரணம் இருந்தது, அதை யாரிடமும் சொன்னதில்லை.

பதினெட்டு வயதில் அப்பா என்னைக் கடற்படைத் தேர்வுக்குக் கூட்டிப்போனார். ஓட்டம், எழுத்து, எல்லாவற்றிலும் தேறினேன். கடைசியில் கண் பரிசோதனை. நிறநிறப் புள்ளிகளாக இருக்கும் அட்டைகள், புள்ளிகளுக்குள் எண் ஒளிந்திருக்கும், நிறம் தெரிந்தவனுக்கு எண் தெரியும். எனக்கு எல்லா எண்ணும் தெளிவாகத் தெரிந்தது. வீட்டில் ஒரு கப்பலில் பதினெட்டு வருஷம் இருந்தாயிற்று, இன்னொரு கப்பல் வேண்டாம் என்று இருந்தது. அதைவிட, வாசலில் விறைப்பாக நின்றுகொண்டிருக்கும் அந்த மனிதருக்கு எங்கே அடித்தால் வலிக்கும் என்று அந்த நிமிஷத்தில் தெரிந்துவிட்டது. எழுபத்துநான்கு என்று தெரிந்த அட்டையைப் பார்த்து, "ஒண்ணும் இல்ல சார்" என்றேன். அடுத்ததற்கும் அப்படியே. கொடிகளின் நிறங்களிலேயே வாழ்ந்தவரின் மகனுக்கு நிறம் தெரியாது என்று எழுதிக் கையில் கொடுத்தார்கள்.

அவர் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். அவரோ வீட்டுக்கு வந்து வெள்ளைப் பெயிண்ட் வாங்கி, வாளிகளில் சிவப்பு, பச்சை என்று எழுதினார். என் சட்டைகளின் காலர் உள்பக்கம் நிறத்தின் பெயரை நூலால் தைத்தார், கடற்படையில் தையல் கற்றிருந்தார், எழுத்துகள் அச்சடித்தாற்போல இருக்கும். அன்று முதல் முப்பத்தைந்து வருஷம் நான் போட்ட ஒவ்வொரு சட்டையிலும் அவர் கைத்தையல் இருந்தது. சாயங்காலம் மொட்டைமாடிக்குக் கூட்டிப்போய் மேற்கைக் காட்டி, "இப்ப ஆரஞ்சு. அதுக்கு மேல கத்தரிப்பூ. இப்ப மாறுது பாரு" என்று சொல்லுவார், நாற்பது வயது ஆணுக்கு. பெண் பார்க்கப் போன மூன்று வீட்டிலும் காப்பியை வாயில் வைப்பதற்கு முன்பே, "ஒரு விஷயம் மறைக்கக் கூடாது, பையனுக்கு நிறம் தெரியாது" என்று சொன்னார். மூன்று வீட்டிலும் பிறகு தகவல் சொல்வதாகச் சொன்னார்கள். எனக்கு நிறம் தெரியும் என்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லாததற்கும் சேர்த்து அவரைத்தான் வெறுத்தேன்.

ஆகவே நான் நினைத்துக்கொண்டிருந்த ஆள், இல்லாத மகன் ஒருவனை வளர்த்த ஆள். அப்படி ஒருவரை நினைத்தால் வீடு எதற்காக ஆட வேண்டும்.

ஐப்பசி மாதத்தில் ஒருநாள் அம்மா அலமாரியைத் துடைக்கும்போது அப்பாவின் சவரக்கத்தியைப் பார்த்துவிட்டாள். வரிசை நீளமாகச் சாய்ந்தது, வழக்கத்தைவிட நீளமாக, பின்கட்டில் பாக்கியம் இறக்கிவைத்த பாகுச் சட்டி விளிம்பைத் தாண்டிச் சறுக்கி, அவளுடைய இடது கால் கணுவுக்குக் கீழே முழுக்க வெந்துபோனது.

பிள்ளையார் கோயில் முன்னால் தெரு கூடியது. மாடசாமி கண்கள் சிவந்து, குரலை உயர்த்தாமல் பேசினார். "யக்கா, நாங்களும் மனுசங்கதான். உங்க வருத்தம் உங்களுக்கு. ஆனா உங்க வருத்தத்துக்கு எம் பொண்டாட்டி கால் வேகணுமா?"

"நான் வேணும்னா செஞ்சேன்?" என்றாள் அம்மா.

"அந்த மனுசனும் வேணும்னு ஒண்ணும் செஞ்சதில்ல. எல்லாம் நல்லதுக்குத்தான் செஞ்சாரு. நாங்கதான் செத்தோம்" என்றார் மாடசாமி, கோயில் இரண்டு வெட்டு வெட்டி நின்றது.

அம்மா மதுரைக்குப் போக வேண்டும் என்று முடிவாயிற்று. தங்கை இருந்தது மூன்றாம் மாடியில், இருபத்துநான்கு குடும்பங்கள் இருந்த அடுக்ககம். முதல் நாள் சாயங்காலம் பேத்திக்கு அம்மா ரெட்டைச்சடை பின்னினாளாம். இருபத்துநான்கு குடும்பமும் படிக்கட்டில் இறங்கி ஓடியது. நான்காம் நாள் தங்கை அவளைக் காரில் கொண்டுவந்து இறக்கினாள், இறங்காமலே சொன்னாள்: "அண்ணே, ஆட்டம் வீட்டுல இல்ல. அம்மாட்டதான் இருக்கு. என்னை எழுதிக் கொடுத்துட்டுக் காலி பண்ணச் சொல்றாங்க." இரண்டு முதியோர் இல்லங்களில் விசாரித்தேன். அவர்களும் எங்கள் தெருவில் விசாரித்துவிட்டு, இடமில்லை என்றார்கள். ஆக, எழுபத்தேழு வயது உலகம்மாளுக்கு உலகத்தில் இந்தப் பத்துக்கு இருபது வீட்டை விட்டால் வேறு இடம் இல்லை.

தெரு மறுபடி கூடியது. இந்தத் தடவை ஒரு நிபந்தனை வைத்தார்கள். அம்மா இருக்கலாம், ஆனால் நினைக்கக் கூடாது. முதல் வருஷத் திதியை நான்தான் செய்ய வேண்டும், தெருவே வாசலில் நின்று பார்க்கும், டம்ளரில் தண்ணீர் வைக்கப்படும். தண்ணீர் சிந்தாவிட்டால் அம்மா கடைசிவரை இங்கேயே இருக்கலாம். சிந்தினால், யார் ஆட்டினார்களோ அவர்கள் அன்றைக்கே தெருவை விட்டுப் போக வேண்டும்.

"சரி, இனி நினைக்கலை" என்றாள் அம்மா, வெற்றிலை போடுவதை விடுகிறவள்போல.

அதற்குப் பிறகு நான்கு மாதம் எங்கள் வீடு ஆடவில்லை. அம்மா அரிசியில் அவளே கல்லைக் கலந்துவைத்துக்கொண்டு அவளே பொறுக்கினாள். அப்பாவின் தட்டு, டம்ளர், செருப்பு எல்லாவற்றையும் என் அறைக்குள் தள்ளிக் கதவைச் சாத்தினாள். "அவுக" என்ற வார்த்தை அவள் வாயிலிருந்து போனது, அதோடு சேர்ந்து காப்பி போனது, ஐந்து மணிக்கு எழுவது போனது, பிறகு பேச்சே பெரும்பாலும் போய்விட்டது, ஏனென்றால் ஐம்பத்தாறு வருஷத்தில் அந்த மனிதர் கலக்காத பேச்சு என்று அவளிடம் எதுவும் இருக்கவில்லை. ஜாக்கெட்டுகள் தொளதொளத்துப் போயின. தெருப் பெண்கள் வந்து பார்த்துவிட்டு, "இப்பத்தான் யக்கா மனுசியா இருக்கீக" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். நான் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்குப் பாவமாக இருந்தது. கொஞ்சம் திருப்தியாகவும் இருந்தது, அதை மறைத்து என்ன ஆகப்போகிறது. அவரைப் பற்றி வாய் திறக்க முடியாமல் முப்பத்தைந்து வருஷம் ஒருவன் இருந்தான், இப்போது துணைக்கு ஒரு ஆள் கிடைத்தாயிற்று என்று என்னுள்ளே ஏதோ ஒன்று உட்கார்ந்து சிரித்தது.

திதி அன்று காலை பத்து மணிக்கு வாசல் நிறைந்துவிட்டது. ஜன்னலில் முகங்கள், அவரை நினைத்துவிடாமல் இருக்க எல்லோர் வாயிலும் வாய்ப்பாடு. பாக்கியத்தை நாற்காலியோடு தூக்கிவந்து முன்னால் உட்காரவைத்திருந்தார்கள், காலில் தோல் இன்னும் இளஞ்சிவப்பாக இருந்தது. தங்கச்சாமி கூடத்தின் நடுவே ஸ்டூலில் டம்ளரை வைத்து, கடைசிச் சொட்டுகளைக் கடிகாரத்துக்கு எண்ணெய் விடும் கம்பியால் விட்டு, தண்ணீர் விளிம்புக்கு மேலே வளைந்து நிற்கும்படி செய்தார். அம்மா அடுப்படி நிலையில் சாய்ந்து, விரல்களால் எதையோ எண்ணிக்கொண்டு நின்றாள்.

ஐயர் பேர் கேட்டார். ஆறுமுகப்பெருமாள் என்று மூன்று தடவை சொன்னேன். எள்ளும் தண்ணீரும் விட்டேன். ஒன்றும் அசையவில்லை. தெரு மூச்சு விட்டது.

"ரெண்டு வார்த்தை பேசு தம்பி" என்றார் மாடசாமி. தன் வெற்றியைக் கொஞ்சம் நீட்டிப் பார்க்க ஆசைப்பட்டார் என்று நினைக்கிறேன். "நீ பேசினா ஒண்ணும் ஆகாது. போஸ்டர்ல போட்டதையே சொல்லு."

எழுந்து நின்று சொன்னேன். முன்னாள் கடற்படை வீரர் என்றேன். அன்பான குடும்பத் தலைவர் என்றேன். தண்ணீர் கண்ணாடிபோல நின்றது. அது எனக்கு ஒரு தைரியத்தைக் கொடுத்தது, அல்லது ஒரு குரூரத்தை. "எனக்கு நிறம் தெரியாதுன்னு எல்லாச் சட்டையிலயும் தன் கையால பேரு தச்சுக் கொடுத்தாரு" என்றேன். "இப்பப் போட்டிருக்கிறதும் அவர் தச்சதுதான். கடைசித் தீபாவளிக்கு."

அம்மாவின் விரல்கள் நின்றன. அவள் என் சட்டையைப் பார்த்தாள், பிறகு காலரைப் பார்த்தாள், அவள் முகத்தில் நான்கு மாதமாக அடைத்துவைத்திருந்த ஏதோ ஒன்று திறந்துகொள்வதை நான் பார்த்தேன். டம்ளரைப் பார்த்தேன். தண்ணீர் அடுப்படிப் பக்கமாக ஒரு நூலிழை சாய்ந்திருந்தது. நீளமான, நிதானமான அந்த ஆட்டம் தொடங்கிவிட்டது, இன்னும் ஒரு மூச்சில் சிந்தும், சிந்தினால் அவளுக்கு இந்த உலகத்தில் நிற்க இடம் கிடையாது.

அவளைக் காப்பாற்றத்தான் பேசினேன் என்று சொல்ல எனக்கு ஆசை. பலமுறை என்னையே கேட்டுப் பார்த்துவிட்டேன். தெரியவில்லை.

"எனக்கு நிறம் தெரியும்" என்றேன்.

யாருக்கும் புரியவில்லை.

"பதினெட்டு வயசுல பொய் சொன்னேன். அந்த அட்டையில எல்லா நம்பரும் எனக்குத் தெரிஞ்சுது. இந்தச் சட்டை பச்சை. பச்சைன்னு எனக்குத் தெரியும். உள்ள நீலம்னு தச்சிருக்காரு. அவருக்குக் கண்ணுல புரை விழுந்துட்டுது, அவருக்கே தெரியலை, உங்க யாருக்கும் தெரியலை, எனக்கு மட்டும் தெரியும். காலரைத் திருப்பிப் பார்த்த அன்னைக்கே தெரியும். சொன்னா, உனக்கு எப்படிடா தெரியும்னு கேட்பாரு. அதான் சொல்லலை. அஞ்சு மாசம் சொல்லலை. மாடிப்படியில கடைசிப் படி தெரியாமக் கால வச்சாரு, விழுந்தாரு, எந்திரிக்கலை."

சொல்லச் சொல்ல அவரை நினைத்தேன். முதல் தடவையாக அவரையே நினைத்தேன். ஜன்னல் வெளிச்சத்தில் முகத்தைச் சட்டையோடு ஒட்டிவைத்துக்கொண்டு, ஊசிக்குள் நூல் போகாமல் எச்சில் தொட்டுத் தொட்டுக் கோத்து, தப்பான நிறத்தின் பெயரை அவ்வளவு அழகாகத் தைத்துக்கொண்டிருந்த கிழவரை, பக்கத்தில் உட்கார்ந்து பேப்பர் படிப்பதுபோல அதைப் பார்த்துக்கொண்டிருந்த என்னை.

வீடு இடமாகவும் சாயவில்லை, வலமாகவும் சாயவில்லை. தெருவைப் பார்த்த வாசல் பக்கம் அப்படியே மேலே எழும்பியது, பின்கட்டு கீழே போனது, ஒரு கணம் எல்லோருக்கும் வாசல் வழியே வானம் மட்டும் தெரிந்தது, பிறகு வாசல் விழுந்தது, பின்கட்டு எழுந்தது. ஸ்டூல், டம்ளர், எள்ளுத் தட்டு, ஐயர் எல்லாம் ஒரே பக்கமாகப் போய்ச் சேர்ந்தன. பாக்கியத்தின் நாற்காலியை ஆறு பேர் பிடித்துக்கொண்டார்கள். எங்கள் வீட்டுக்கும் மாடசாமி வீட்டுக்கும் நடுவே இருந்த சுவர் மேலிருந்து கீழ்வரை வெடித்தது.

"இது புதுசு" என்றார் தங்கச்சாமி, நிலையைக் கட்டிப் பிடித்தபடி. "இது அக்கா இல்ல. இது கோமதி."

அம்மா மட்டும் எதையும் பிடிக்கவில்லை. சாய்ந்திருந்த தரையில், பழகியவள்போல, மேட்டில் ஏறுவதாக ஏறி என்னிடம் வந்தாள். என் பின்கழுத்தில் கையை விட்டுக் காலரைத் திருப்பினாள். அவளுக்குப் படிக்கத் தெரியும், நிதானமாகப் படித்தாள். சட்டையை விரல்களுக்கிடையே தேய்த்துப் பார்த்தாள்.

"பச்சை" என்றாள்.

"ஆமாம்மா."

அவள் அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"இதைக் கழட்டி வச்சிட்டுப் போ" என்றாள்.

தெரு ஒத்துக்கொண்ட நிபந்தனை அதுதான், ஆட்டியவர் போக வேண்டும், ஆட்டியது நான் என்று தங்கச்சாமி சாட்சி சொல்லிவிட்டார். என் துணிகளை எடுத்துக்கொண்டு பனியனோடு வெளியே வந்தேன். வழிவிட்டார்கள். சுவருக்கு என்ன பதில் என்று மாடசாமி கேட்டார். பின்னாலிருந்து ஒரு பெண் காறித் துப்பினாள், அது தெருவுக்காகவா அப்பாவுக்காகவா என்று தெரியவில்லை.

இப்போது நான் இருப்பது ஆறாவது அறை. கோவில்பட்டிக்குள்ளேயே மூன்று இடம் மாறிவிட்டேன், கயத்தாறில் ஒன்று, எட்டயபுரத்தில் ஒன்று, இது விளாத்திகுளம் ரோட்டில் ஒரு வீட்டின் மாடி. போன வாரம் தங்கச்சாமி போன் செய்தார். சுவரைப் பூசிவிட்டார்களாம். வரிசை அசைவதே இல்லையாம். "அக்கா நினைக்கிறதே இல்ல தம்பி. கேட்டா, அதுக்குத்தான் அவன் இருக்கான்லன்னு சொல்லுது. நாங்க நிம்மதியா இருக்கோம்" என்றார்.

அம்மா சொன்னது திட்டா, வேறு ஏதாவதா என்று நான் கேட்கவில்லை. அவள் விட்ட வேலையை நான் செய்கிறேன். எனக்கு அவளைப்போல நிறுத்தத் தெரியாது. முப்பத்தைந்து வருஷத்து மனிதர், ஒவ்வொரு நாளையும் முதலிலிருந்து, இந்தத் தடவை சரியாக, நினைக்க வேண்டியிருக்கிறது.

இன்று மதியம் நினைக்கத் தொடங்கியது மதுரைப் பயணத்தை. என் கண்ணைச் சரிசெய்ய முடியுமா என்று பெரிய டாக்டரிடம் காட்ட ஒன்பது தடவை கூட்டிப்போனார், அதில் முதல் தடவை. கூட்டமான பஸ், ஒரே ஒரு இடம், ஜன்னலோரம் என்னை உட்காரவைத்துவிட்டு, என் தலைக்கு வெயில் படாமல் தன் கையைக் கம்பியில் குறுக்கே நீட்டி நின்றுகொண்டே வருகிறார். அறையின் வாசல் பக்கம் எழும்பி விழுகிறது. பாத்திரங்கள் சறுக்கிக்கொண்டிருக்கின்றன. கீழ்வீட்டுக்காரர் மாடியேறி வந்து கதவை உடைப்பதுபோலத் தட்டுகிறார்.

"சார், பிள்ளைகள்லாம் வாந்தி எடுக்குது. இப்பவே காலி பண்ணுங்க."

"பண்ணிடறேன்" என்று உள்ளேயிருந்து சொன்னேன். "கொஞ்ச நேரம் பொறுங்க. சாத்தூர்தான் தாண்டியிருக்கு. இன்னும் நின்னுக்கிட்டேதான் வர்றாரு."